பாடம் வீட்டில், வீட்டுப்பாடம் வகுப்பில்

மாணவர் பாடத்தை வீட்டிலேயே வீடியோவாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். கணக்குப் போடுவது, விவாதிப்பது, சந்தேகம் கேட்பது எல்லாம் வகுப்பில் நடக்கும். ஆசிரியர் பெஞ்சு பெஞ்சாகப் போய் உதவுவார். தலைகீழ் வகுப்பறை என்று சொல்லப்படும் முறையின் சாரம் இவ்வளவுதான். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் நெருங்கி நிற்கும் தனியார் பொறியியல் கல்லூரிகளில், இந்தப் பெயரைக் கேள்விப்படாத உதவிப் பேராசிரியரைக் காண்பது அரிது. தர மதிப்பீட்டுக் குழு வரும்போது நீட்ட வேண்டிய பாடக்கோப்பில் 'புதுமையான கற்பித்தல் முறைகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதை நிரப்ப வசதியான பெயர் இது. யூடியூப் இணைப்பு ஒன்றை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மறுநாள் எடுத்த இரண்டு புகைப்படங்களைக் கோப்பில் ஒட்டிவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது.

இப்படிப் பெயருக்கு நடப்பதை வைத்து ஒரு முறையைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒழுங்காக நடத்தினால் என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உலகின் பல இடங்களில் ஒழுங்காகவே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் வேறு பெயர்களில் இதற்குப் பக்கத்து முறைகள் வந்து போயிருக்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது ஒன்றுதான்: ஒரு பாடத்தை மாணவர் முதன்முதலாகக் கேட்கும் நேரத்தைப் பள்ளியும் கல்லூரியும் தங்கள் கையை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. இந்த முறையின் பெரும்பாலான குறைகள் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

வராதவர்களுக்காகத் தொடங்கியது

2007-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லண்ட் பார்க் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஜொனாதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். விளையாட்டுப் போட்டிகளுக்காகவும் பிற காரணங்களுக்காகவும் வெளியூர் போய் வகுப்பைத் தவறவிடும் மாணவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. வகுப்புக்கு வந்தவர்களும் அதே வீடியோவைத் திரும்பப் பார்ப்பதைக் கவனித்த பிறகுதான், பாடம் நடத்துவதையே வகுப்புக்கு வெளியே தள்ளிவிடலாமே என்ற யோசனை வந்தது. 2012-இல் இருவரும் எழுதிய புத்தகம் அதை உலகெங்கும் பரப்பியது. அதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் மாணவர்களை முன்கூட்டியே படித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பு நேரத்தைக் கேள்விகளுக்கும் சக மாணவரோடு வாதிடுவதற்கும் ஒதுக்கியிருந்தார். அவர் கொடுத்தது அச்சிட்ட பாடம். வீடியோ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தியாவில் இதற்கு வேண்டிய சரக்கு முன்பே தயாராக இருந்தது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் பொறியியல் பாடங்கள் குவிந்து கிடந்தன. 2017-இல் ஸ்வயம் தளம் வந்தது. 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கலப்புக் கற்றல் குறித்த வரைவு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. அதற்குப் பிறகு கல்லூரிகளுக்குக் கேட்கவா வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

குறைகளைத் தேடப் போகிறவர் முதலில் நிறையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2019-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 114 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைகீழ் வகுப்பில் படித்தவர்களின் கற்றலில் சிறிய அளவு முன்னேற்றம் தெரிந்தது. அதற்கு இரண்டு துணைகள் இருந்தன. வகுப்பு நேரத்தைக் குறைக்காத இடங்களிலும், சிறு வினாடி வினாக்களைச் சேர்த்த இடங்களிலும் பலன் கூடுதலாக இருந்தது. 'வீடியோவில்தான் பாடம் முடிந்துவிட்டதே, வகுப்பு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்' என்று கணக்குப் போடும் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. மாணவர்களின் திருப்தியில் வித்தியாசம் தென்படவில்லை. திருப்தியை ஒரேயடியாக நம்பவும் முடியாது. அதே 2019-இல் வெளியான ஹார்வர்டு இயற்பியல் வகுப்பு ஆய்வு ஒன்றில், தாங்களே செய்து கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக நினைத்துக்கொண்டார்கள். மாணவர் முணுமுணுப்பதால் மட்டும் ஒரு முறை கெட்டதாகிவிடாது.

என்னை யோசிக்க வைத்தது வேறோர் ஆய்வு. அமெரிக்க ராணுவத்தின் வெஸ்ட் பாயிண்ட் கல்விக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குத் தலைகீழ் வகுப்பும் மறுபகுதிக்கு வழக்கமான வகுப்பும் நடத்தினார்கள். பொருளாதாரத்தில் பலன் ஒன்றும் இல்லை. கணிதத்தில் உடனடித் தேர்வில் கொஞ்சம் ஏற்றம் இருந்தது. இறுதித் தேர்வு வரை அது நிற்கவில்லை. அந்தக் கொஞ்ச ஏற்றமும் ஏற்கெனவே முன்னணியில் இருந்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான தூரம் கூடியது.

இது எந்த மாதிரியான இடம் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாரும் விடுதியில் தங்கியிருப்பவர்கள். எல்லாரிடமும் கணினி உண்டு. வகுப்புகள் சிறியவை. ராணுவ ஒழுங்கு வேறு. நம் ஊரில் இந்த முறையைப் பற்றிப் பேசும்போது, 'எல்லாருக்கும் டேப் கொடுத்துவிட்டால், நெட் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்றுதான் பேச்சு முடியும். கருவியும் இணையமும் இருப்பிடமும் சமமாக இருந்த இடத்திலேயே தூரம் கூடியிருக்கிறது என்றால், கோளாறு கருவிக்கு அப்பால் இருக்கிறது. வீடியோவை எங்கே நிறுத்த வேண்டும், எதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தெரிய, தனக்கு என்ன தெரியவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். பின்தங்கிய மாணவரிடம் இல்லாதது அதுதான். அவர் வீடியோவை முழுவதும் பார்ப்பார், புரிந்தது போலவே இருக்கும், மறுநாள் முதல் கணக்கில் மாட்டிக்கொள்வார். நேர் வகுப்பில் அவருடைய முகத்தைப் பார்த்தே ஆசிரியர் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லியிருப்பார்.

கடலோரத்து மாலை நேரம்

கருவி ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோவளத்திலிருந்து நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அலைக்கும் நடுவே வரிசையாக மீனவர் குப்பங்கள். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் என்றால் அது அப்பாவிடம் இருக்கும். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கு அது வேண்டும். மாலையில் பிள்ளை கையில் கிடைத்தாலும் அதே நேரத்தில்தான் தம்பி அழுவான், அம்மா மீன் விற்ற கணக்கைப் பார்ப்பார், யாராவது அழைப்பார்கள். உள்ளே திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கம் இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டால், வீட்டில் பார்த்துவிட்டு வா என்று சொல்வதற்கு வீடே ஊரில் இருக்காது.

கிராமப்புற இளைஞர்களைப் பற்றிய 2023-ஆம் ஆண்டு அசர் ஆய்வில், 14 முதல் 18 வயதுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. கொள்கை வகுப்பவர்கள் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக ஒன்று வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். வீட்டில் போன் இருப்பதும் பெண்பிள்ளை கையில் போன் இருப்பதும் ஒன்றாகாது. வீட்டு வேலை முடிந்து அவள் கைக்கு அது வரும்போது மணி பத்தாகியிருக்கும்.

மழைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான். மின்சாரம் போனால் பாடமும் போய்விடுகிற முறையை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வைத்து நடத்துகிறோம். பாடப்புத்தகத்துக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

பொறியியல் மாணவரின் மாலையும் இதைவிடப் பெரிதாக இல்லை. காலை ஆறரைக்குக் கல்லூரிப் பேருந்து, மாலை ஐந்தரை, ஆறுக்கு வீடு. ஒரு பருவத்தில் ஆறு தாள். ஆறு ஆசிரியர்களும் ஆர்வத்தோடு ஆளுக்கு இருபது நிமிட வீடியோ போட்டால் இரண்டு மணி நேரம். நிறுத்தி, குறிப்பெடுத்துப் பார்த்தால் மூன்று. அதனால் யாரும் நிறுத்துவதில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, ஒரு காதில் பாடமும் இன்னொரு காதில் பக்கத்து சீட்டுக்காரனின் பேச்சுமாக முடித்துவிடுகிறார்கள். 'பார்த்தாச்சு' என்று கணினியில் பதிவாகிவிடும். 2014-இல் எட்எக்ஸ் தளத்தின் லட்சக்கணக்கான பார்வைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டார்கள். நம்மிடம் 50 நிமிட விரிவுரையை அப்படியே பதிவுசெய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேமரா முன்னால் காணாமல் போகும் தமிழ்

வெளிநாட்டு ஆய்வுகளில் அகப்படாத ஒரு குறை இது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பொறியியலுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலாண்டு எப்படிப் போகிறது என்று கவனித்தவர்களுக்குத் தெரியும். புத்தகம் ஆங்கிலம், கரும்பலகை ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம். இதற்கு நடுவில் ஆசிரியர் வாயிலிருந்து வரும் இரண்டு வரித் தமிழ்தான் கரை சேர்க்கும். 'இங்க பாரு, கரண்ட்டு எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பிடிச்சுக்கோ, மீதி தானா வரும்.' எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத வரி. பையன் தலையாட்டுகிறானா என்று பார்த்துச் சொல்லப்படுவது.

அதே ஆசிரியரைக் கேமரா முன்னால் உட்கார வையுங்கள். துறைத்தலைவர் பார்ப்பார், மதிப்பீட்டுக் குழு பார்க்கும், யூடியூபில் வேறு கல்லூரிக்காரர்களும் பார்ப்பார்கள். தமிழ் மறைந்துவிடும். திரையில் இருக்கும் வரிகளை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போவார். வகுப்பறையில் அங்கங்கே தமிழும் கலந்து நடந்த பாடம் பதிவில் முழு ஆங்கிலப் பாடமாகிறது. மறுநாள் வகுப்பில் தமிழில் விளக்கலாமே என்றால், அங்கே நடப்பது பாடம் தெரிந்தவர்களுக்கான பயிற்சிதான்; தெரியாதவர் கையைத் தூக்கி 'வீடியோவே புரியலை சார்' என்று அறுபது பேர் முன்னால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவர்கள் மிகச் சிலர்.

ஆசிரியர் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்து நிமிட வீடியோவை ஒழுங்காகத் தயாரிக்கப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரம் பணிச்சுமைக் கணக்கில் ஏறுவதில்லை. கௌரவ விரிவுரையாளருக்கும் ஒப்பந்த ஆசிரியருக்கும் இன்னொரு பயமும் உண்டு: பாடம் முழுவதும் பதிவாகிவிட்டால் அடுத்த ஆண்டு நிர்வாகத்துக்குத் தேவைப்படுவது வீடியோவா, ஆளா? அறுபது பேர், தரையில் திருகி இறுக்கிய பெஞ்சுகள், 50 நிமிட வகுப்பு, அதில் வருகைப் பதிவுக்கு ஐந்து நிமிடம் என்ற நிலையில் குழு விவாதம் நடத்தச் சொல்வதும் கொடுமைதான்.

தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்தது

வகுப்பில் மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்தது அதுதான். எழும்பூர் ஆண் அனாதை ஆசிரமத்தில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரு பெல் அந்த வழக்கத்தை முறைப்படுத்தி 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. நமக்குப் புதியது, முதல் கேட்பை வீட்டிடம் ஒப்படைப்பது.

பள்ளியின் வேலையை வீட்டிடம் ஒப்படைப்பது என்றதும் 1953 நினைவுக்கு வராமல் இருக்காது. ராஜாஜி அரசு கொண்டுவந்த திருத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. மீதிப் பொழுதைப் பெற்றோரின் தொழிலில் கழிக்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. தலைகீழ் வகுப்பறையை அதோடு சமமாக வைப்பது அபாண்டம்; நோக்கமும் வேறு, காலமும் வேறு. ஆனால் அன்று எழுந்த எதிர்ப்பின் அடியில் இருந்த கேள்வி இன்றும் பொருந்துகிறது. பள்ளி தன் நேரத்தில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொடுக்கும்போது, அந்த வீட்டின் சாதியும் வருமானமும் படிப்பும் சேர்ந்தே பாடத்துக்குள் வருகின்றன.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றல் இதற்கு மறுகோடி. அங்கும் ஆசிரியரின் விரிவுரை குறைந்தது. குழந்தை பாட அட்டையை எடுத்து, கற்றல் ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, தானே முன்னேற வேண்டும். அதிலும் குறைகள் இருந்தன. அட்டை அடுக்குவதே ஆசிரியருக்கு வேலையாகிவிட்டது என்ற புலம்பலைக் கேட்டிருக்கிறேன். ஆனால் எல்லாமே பள்ளிக்குள், பாயில் உட்கார்ந்த ஆசிரியருக்குப் பக்கத்தில் நடந்தது. வீட்டை அது நம்பியிருக்கவில்லை.

பிறகு பெருந்தொற்று வந்தது. 2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் 2020-இல் பல லட்சம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தலைகீழ் வகுப்பறையின் முதல் பாதி மட்டும், மறுபாதி இல்லாமல், மாநிலம் முழுவதும் நடந்த பரிசோதனை என்று அதைச் சொல்லலாம். ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-இல். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, இழப்பு மிகப் பெரிது என்றது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும் சொன்னது. மீண்டதில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பயன்.

அந்தத் திட்டம் 2021 அக்டோபர் 27-இல் தொடங்கப்பட்டது, செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டியதும் வரும் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே, ஏறக்குறைய இருபது குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் அதே தெருவில் குடியிருக்கும் படித்த பெண். பாடம் வீட்டுக்குப் போனபோது பின்னாலேயே ஓர் ஆளையும் அனுப்ப வேண்டியிருந்தது என்பதுதான் தமிழ்நாடு காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

மாமல்லபுரத்து உளிச் சத்தம்

செய்தே கற்பது என்பதைப் பார்க்க கொலராடோ போக வேண்டியதில்லை. 1957-இல் பயிற்சி மையமாகத் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஊர் முழுக்கச் சிற்பக்கூடங்கள் இருக்கின்றன. இங்கே செதுக்கும் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பட்டறையில் சற்று நேரம் நின்றால் போதும். மூத்தவர் கல்லில் கோடு போடுகிறார், இரண்டு அடி செதுக்கிக் காட்டுகிறார், உளியை இளையவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் கல்லுக்குப் போய்விடுகிறார். உளி சாய்ந்தால் சத்தம் மாறும். மூத்தவர் தலை நிமிராமலே 'படுக்காதே, நிமிர்த்திப் பிடி' என்கிறார். காட்டியதற்கும் செய்ததற்கும் திருத்தியதற்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை.

தலைகீழ் வகுப்பறைக்காரர்கள் கேட்பதும் இதைத்தான்: ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மாணவர் வேலை செய்ய வேண்டும். அந்தக் கோரிக்கை சரி. அதற்கு விலையாக, காட்டுவதைப் பிரித்து முந்தின நாள் இரவுக்கு அனுப்பிவிட்டதுதான் தப்பு. சந்தேகம் பிறக்கும் நேரத்துக்கும் ஆசிரியர் கிடைக்கும் நேரத்துக்கும் நடுவே பதினைந்து மணி நேரத்தைச் செருகுகிறது இந்த முறை. மறுநாள் காலைக்குள் அந்தச் சந்தேகம் ஆறிப்போயிருக்கும், அல்லது தவறான புரிதலாகக் கெட்டிப்பட்டிருக்கும்.

எனவே வீடியோவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் இடத்தை மாற்றினால் போதும். வகுப்பின் முதல் பதினைந்து நிமிடம் ஆசிரியர் நேரில், தமிழும் கலந்து, புதுக் கருத்தைச் சொல்லட்டும். மீதி நேரம் மாணவர்கள் கணக்குப் போடட்டும். வீடியோ இரண்டாம் முறை கேட்பதற்கும், வகுப்புக்கு வராதவர்களுக்கும், தேர்வுக்கு முந்தின நாள் திருப்பிப் பார்ப்பதற்கும் இருக்கட்டும். பெர்க்மனும் சாம்ஸும் முதலில் பதிவுசெய்ததும் அதற்காகத்தானே. விடுதியில் தங்கிப் படிக்கும் மருத்துவ மாணவர்களுக்கும், மேற்படிப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளுக்கும் முழுத் தலைகீழ் முறை பொருந்தலாம். முதலாண்டுப் பொறியியலுக்கும் அரசுப் பள்ளி மேல்நிலை வகுப்புகளுக்கும் பொருந்தாது என்பதே என் முடிவு.

இந்த முடிவை ஏற்காத ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் ஒரே ஓர் அலகை மட்டும் தலைகீழாக நடத்துங்கள். அந்த அலகின் தேர்வில் வகுப்புச் சராசரியைப் பார்க்கும் முன் கடைசிப் பதினைந்து பேரின் மதிப்பெண்ணை முந்தைய அலகோடு ஒப்பிடுங்கள். அவர்கள் இறங்கியிருந்தால், சராசரி ஏறியிருந்தாலும், முறையை விட்டுவிடுங்கள்.